ராஜாவின் முதுகு

பழைய மேடை நாடகம் ஒன்றைக் கையிலிருந்த காசில் படமாக்கிக்கொண்டிருந்தேன். குத்தாலம் பக்கத்தில் ஒரு களத்துமேடுதான் அரண்மனை. ராஜாவாக நடித்தவர் ஊர் ஊராக நாடகம் போட்டவர். மீசை பெரிது, தொண்டை அதைவிடப் பெரிது. ஜனங்களுக்கு முதுகு காட்டி நிற்கவே மாட்டார். மகன் பிணத்தருகே அழும் காட்சியில், வேடிக்கை பார்த்த நடவுப் பெண்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

“ஐயா, கேமரா இங்க இருக்குங்க!”

“அது என்ன தம்பி, அழுவவா போவுது?”

கேமராவை அந்தப் பெண்கள் பக்கம் தூக்கிப்போனேன். கேமராவை மறைக்கக் கூடாதென்று அவர்கள் எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். அவரும் திரும்பிக்கொண்டார். தலையிலடித்துக்கொண்டேன்; வெளிச்சமும் போய்விட்டது.

எடிட்டிங்கில் ஓட்டிப் பார்த்தால் ராஜாவின் முதுகுதான் இருக்கிறது. அதற்கு அப்பால் அத்தனை பெண்களும் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். அவர்கள் பார்த்த முகம் மட்டும் என்னிடம் இல்லை.