மெஷின் சத்தத்துக்கு நிற்கும் சேவல்

அத்தை செத்துப்போனாள் என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு காலையில் பனியன் கம்பெனி வேன் ஏறித் திருப்பூருக்குப் போனவள் சாயங்காலம் திரும்பவில்லை. பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பிறகு என் அப்பாவைப் பெற்ற அப்பாரு கிணற்றடியில் தலை முழுகினார். அப்பாவையும் அம்மாவையும் முழுகச் சொன்னார். என் உச்சந்தலையிலும் ஒரு சொம்புத் தண்ணீர் விழுந்தது.

"இன்னியோட அவ செத்தா" என்றார் அப்பாரு.

பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் இறந்தபோதும் எல்லாரும் இப்படித்தான் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். பிணம் ஏன் வரவில்லை என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை. அப்போதும் சரி, இப்போதும் சரி, நான் வாய் திறந்து எதையும் கேட்கிறவள் இல்லை.

கடைசி அறையில் அத்தையின் ஓவர்லாக் தையல் மெஷினும், அதன் பக்கத்தில் கூண்டில் அவள் வளர்த்த கிளிமூக்குச் சேவலும் இருந்தன. சண்டைக்கு விடுகிற சேவல் இல்லை அது. கண்காட்சியில் மேஜைமேல் நிறுத்தி அழகு பார்க்கிற ஜாதி. கிளியைப் போல வளைந்த மூக்கு, தரையைத் தொடும் வால், பால் கலந்ததுபோல வெளிறிய கண்கள். அந்தக் கண் எங்கே பார்க்கிறது என்று சொல்லவே முடியாது.

லீவு நாட்களில் அத்தை வீட்டிலேயே துணி தைப்பாள். உட்கார்ந்ததும் நாக்கை மேலண்ணத்தில் வைத்து 'ட்டொக்' என்று ஒரு சொடுக்கு, பிறகு மிதியில் கால். மெஷின் இரைந்ததும் சேவல் கழுத்தை நீட்டி, வாலை இறக்கி, கல்லாகிவிடும். சத்தம் நிற்கும்வரை அசையாது. அசையாமல் இருந்தால் ஊறவைத்த பாதாம் ஒன்று கிடைக்கும். கண்காட்சியில் நடுவர்கள் மூக்கையும் வாலையும் பார்ப்பதற்கு முன்னால் அந்த நிலையைத்தான் பார்ப்பார்கள் என்று அத்தை சொல்லுவாள். வருஷா வருஷம் அவளும் அப்பாவும் உடுமலைக் கண்காட்சிக்குப் போய் வேடிக்கை பார்த்து வருவார்கள். இந்தச் சேவலை அங்கே நிறுத்த வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

அத்தை போன பிறகு அந்த அறை பூட்டியே கிடந்தது. தீவனம் வைக்க அப்பா மட்டும் திறப்பார். ஒரு சாயங்காலம் ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். மெஷின்மேல் துணி மூடியிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. சேவல் கழுத்தை நீட்டி, கல்லாக, காலி ஸ்டூலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. நான் பார்த்த நேரம் முழுக்க அது அசையவில்லை. ஓடி வந்து அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டேன்.

சேவலை அறுத்துவிடச் சொன்னார் அப்பாரு. அவள் கை பட்டது எதுவும் ஊட்டில் இருக்கக் கூடாதாம். அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியறியாத அப்பா, அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"கண்காச்சி முடியட்டுமுங்க. அங்க நிக்கலீன்னா நானே அறுத்துப் போடறனுங்க."

"ஏன்டா, பொறந்தவ போயிட்டான்னு சேவலக் கட்டிட்டு அழுகறயா?" என்றார் அப்பாரு. ஆனாலும் விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அது ஆரம்பித்தது. அப்பாரு வயலுக்குப் போன ஒரு மத்தியானம், சாத்தியிருந்த அறைக்குள்ளிருந்து மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. துணி இல்லாமல் ஓடினால் மெஷினுக்கு ஒரு வெறும் இரைச்சல் உண்டு. அந்த இரைச்சல். ஆட்டுக்கல்லில் அம்மாவின் கை நின்றது.

"அங்க போவாத கண்ணு" என்றாள். மறுபடி ஆட்டத் தொடங்கினாள்.

தினமும் அந்நேரத்துக்குக் கேட்டது. செத்தவர்களுக்குத் துணி எதற்கு, அதனால்தான் அத்தை வெறுமனே ஓட்டுகிறாள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அந்த நேரங்களில் அப்பா எங்கே இருந்தார் என்று நான் யோசிக்கவில்லை.

கண்காட்சியன்று அப்பா சேவலைக் குளிப்பாட்டி, மூக்குக்கும் காலுக்கும் தேங்காய் எண்ணெய் தடவினார். கூடையில் அதை வைத்தார். பக்கத்தில் ஒரு பை நிறையக் கம்பும் பாதாம் பொட்டலமும் வைத்தார். என்னை மொபெட்டின் முன்னால் நிற்க வைத்து உடுமலைக்குக் கூட்டிப்போனார்.

தென்னந்தோப்புக்குள் வரிசையாக மேஜைகள். எங்கள் சேவல் மேஜைமேல் வைத்ததும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. அப்பா நாக்கைச் சொடுக்கினார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, அடை வெச்சிருக்கறீங்களா?" என்று கேட்க, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நடுவர்கள் நெருங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் கண் நடுவர்களிடம் இல்லை. கூட்டத்தைத் துழாவிக்கொண்டிருந்தது.

எனக்குப் பின்னாலிருந்து 'ட்டொக்' என்றது.

சேவல் எழுந்தது. கழுத்து நீண்டது, வால் இறங்கியது. வெளிறிய கண் எங்களைத் தாண்டி எதையோ பார்த்தது. நானும் அங்கே பார்த்தேன். மூங்கில் தடுப்புக்கு அந்தப் பக்கம், இரண்டு தென்னைகளுக்கு நடுவில் அத்தை நின்றாள். நெற்றி நிறையக் குங்குமம். ஓலை நிழல் அவள் முகத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் மட்டும் அசையவில்லை. சேவலைப் போலவே.

அந்தச் சொம்புத் தண்ணீர் மறுபடி என் தலையிலிருந்து இறங்கியது போலிருந்தது. அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, அத்தை."

"தெரியும் கண்ணு. பயப்படாத" என்றார் அப்பா, திரும்பாமலே.

பரிசாக ஒரு எவர்சில்வர் அண்டா கிடைத்தது. அதைக் காவல் காக்கச் சொல்லி என்னை மோர்க்கடை ஓரம் உட்கார வைத்துவிட்டு, அப்பா கூடையையும் கம்புப் பையையும் தூக்கிக்கொண்டு தென்னைகளுக்குள் போனார். வரும்போது கூடை அவர் கையில் காற்றுக்கு ஆடியது. சேவல் எங்கே என்று கேட்கப் பயமாக இருந்தது.

வீட்டில், "வழியிலயே செத்துப்போச்சுங்க" என்றார் அப்பா.

அப்பாரு அண்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொதச்சுட்டயா?"

"ஆமாங்க."

சேவலுக்காக யாரும் தலை முழுகவில்லை. அத்தையே வந்து தன் சேவலைக் கொண்டுபோய்விட்டாள் என்று நான் நம்பினேன். மெஷின் சத்தம் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அந்த அமைதிதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அறை வாசலைக் கண்ணை மூடிக்கொண்டுதான் தாண்டுவேன்.

கூட வேலை செய்த தெற்கத்திக்காரரை வீட்டுக்குத் தெரியாமல் கட்டிக்கொண்டு அத்தை திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தாள் என்பது நான் கம்பெனி வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அரை நாளில் திரும்பி வருகிற உடுமலைக்கு, ஒரு சேவல் மாதக்கணக்கில் தின்னும் கம்பை அப்பா ஏன் பையில் கட்டினார் என்று கேட்க அன்று எனக்குத் தெரியவில்லை.