பொட்டு வைத்த வீடியோ கேம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் என் வேலை போயிருக்க வேண்டும். காப்பாற்றியது சாமி இல்லை, மணியம்.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு வீடியோ கேம் கடையில் மெக்கானிக்காக இருந்தேன். அதற்கு முன் எஸ்டேட் ரப்பர் ஆலையில் இன்ஜின் பார்த்தவன். அங்கே ஆயுத பூஜையன்று இன்ஜினை நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்போம். கேம் மெஷினும் சோறுதானே போடுகிறது? கடை முதலாளி தவுக்கே பினாங்கு போயிருந்த நேரம், எல்லா மெஷினையும் அணைத்துப் பொட்டு வைத்துவிட்டேன்.

அந்த மெஷின்களில் அதிகப் பாயிண்ட் எடுத்தவர் தன் பெயரின் மூன்று எழுத்தைத் திரையில் போட்டுக்கொள்ளலாம். கரண்ட் போனால் பெயரும் போய்விடும். அதனால் கடையைப் பூட்டினாலும் மெஷினை அணைப்பதில்லை. இது தெரிந்தும், மூன்று எழுத்துதானே என்று நினைத்தேன்.

மறுநாள் தவுக்கே வந்து குதித்தார். சீனர்தான், எஸ்டேட்டில் மளிகைக்கடை வைத்திருந்ததால் தமிழிலேயே திட்டுவார்.

"யாரைக் கேட்டு மெஷின அடைச்ச? நாளைலேருந்து வராத லா!"

அப்போது மணியம் மனைவியோடு உள்ளே வந்தான். சிம்பாங் பூலாயில் கல் லாரி ஓட்டுகிறவன். முதல் இடத்தில் பெயர் வந்ததும் விளையாட்டை விட்டுவிடுவதாக மனைவி லெட்சுமியிடம் சத்தியம் செய்து, பூஜைக்கு முந்தின நாள் அதைச் சாதித்தும் விட்டான். சாட்சி காட்டத்தான் அவளைக் கூட்டி வந்திருந்தான், இஸ்திரி போட்ட சட்டையோடு.

"எங்கங்க உங்க பேரு?" என்றாள் லெட்சுமி.

"முந்தாநேத்து இருந்துச்சே! அண்ணே, என் பேரு எங்கண்ணே?"

"பூஜைக்கு மெஷின அடைச்சேன் தம்பி."

மணியம் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். "ஒரே ஒரு ஆட்டம் லெட்சுமி. பேரப் போட்டுட்டு வாரேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க சாமி கும்புட்டீங்களா, எனக்குச் சூனியம் வச்சீங்களா?"

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவள் தனியாக பஸ் ஏறினாள்.

சாயங்காலத்துக்குள் பெயரைத் தொலைத்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். நாற்காலி போதவில்லை. தவுக்கே என் தோளில் கை போட்டார்.

"ஏம்பா, உங்க சாமிக்கு அடுத்த வாரமும் பூஜ இருக்கா?"

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அவரே சந்தனம் வாங்கி வந்தார். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஜெயித்தவன் வீட்டுக்குப் போய்விடுவான். ஜெயித்ததைத் தொலைத்தவன்தான் நமக்கு வாடிக்கையாளர்.