சேஷாத்ரி சார் அணைத்துவைத்த மெஷின்

விருதுநகரில் தங்கையின் வளைகாப்புக்குப் போயிருந்தபோது ஷிபு தா போன் செய்தார். கல்கத்தா டாக்குரியாவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் இரண்டாம் மாடிக்காரர். தா, தாதா என்றால் வங்காளியில் அண்ணன். பந்தி நடந்துகொண்டிருந்த சத்தத்தில் முதலில் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து நின்று, "சொல்லுங்க தாதா" என்றேன். "மேஷோமஷாய் போய்விட்டார், கலா" என்று வங்காளியில் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். கீழ்த்தளத்துச் சேஷாத்ரி சாரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார், சித்தப்பா என்பதுபோல. அன்று மாலையே தகனம். என்னால் போய்ச் சேர முடியவில்லை.

தெற்குக் கல்கத்தாவில் இதைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரியும். தேயிலைக் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். நம் தமிழ்ச் சங்கத்தின் அறிவிப்புகளை ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தவர். காப்பி கொடுத்தால் பாதி டம்ளர் போதும் என்பவர். இங்கேயே பிறந்தவர் என்பதால் தமிழைவிட வங்காளியில் சரளமாகக் கோபப்படக்கூடியவர். ஆனால் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பிறருக்குச் சிரமம் கொடுத்துவிடுவோமோ என்ற கூச்சம் அவரிடம் எப்போதும் இருந்தது. எல்லோரும் அதை நல்ல குணம் என்றோம். அந்தக் குணத்தை நாங்கள் எப்படிப் பயன்படுத்திக்கொண்டோம் என்பதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுத எனக்கு மனம் வரவில்லை.

மனைவி இறந்தபின் அவர் தனியாக இருந்தார். நுரையீரல் கெட்டுப்போய், வீட்டிலேயே ஆக்ஸிஜன் மெஷின் வைத்துக்கொள்ள டாக்டர் சொல்லிவிட்டார். சிறிய அலமாரி உயரம். நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து வரும் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். கரண்ட் போனால் சமாளிக்க ஒரு சின்ன சிலிண்டரும் உண்டு.

கீழே சார், முதல் மாடியில் நாங்கள், அதற்கு மேலே ஷிபு தா. மூன்று வீட்டுக்கும் ஒரே மின் இணைப்பு. ஒயரிங்கைப் புதுப்பித்தபோது வீட்டுக்காரர் மாடிப்படிக்கு அடியில் பொதுவாக ஒரு ட்ரிப் சுவிட்ச் வைத்தார். எங்கேயாவது கரண்ட் கசிந்தால் மூன்று வீட்டையும் சேர்த்து அணைத்துவிடும். மெஷின் வந்து கொஞ்ச நாளில் அது விழ ஆரம்பித்தது. சமைக்கும்போது விழும், குளிக்கும்போது விழும். இரவில் யாராவது டார்ச்சோடு இறங்கிப்போய்த் தூக்கிவிட வேண்டும்.

ஒரு நாள் சாயங்காலம் மூன்று வீட்டுக்காரர்களும் படிக்கட்டில் கூடினோம். ஷிபு தாவின் மகள் துலிக்கு அப்போது கோச்சிங் எல்லாம் ஆன்லைனில். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. "நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வீட்டில் புதிதாக வந்தது எது? எல்லோருக்கும் தெரியும்" என்றார் ஷிபு தா. சேஷாத்ரி சார் தன் வாசலில் நின்றிருந்தார். குழாயின் நீளம் அதுவரைதான் எட்டும். ஏதோ தப்பு செய்து பிடிபட்டவர்போல ஷிபு தாவைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் போனில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மறுநாள் அவரே மேலே சொல்லி அனுப்பினார்: கம்பெனி ஆளை வரவழைத்து மெஷினைச் சரிபார்த்தாயிற்று, இனிமேல் தொந்தரவு இருக்காது என்று. அப்படியே ஆயிற்று. சாயங்காலங்களில் சுவிட்ச் விழுவது நின்றது. மற்ற நேரத்தில் எப்போதாவது விழுந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஷிபு தாவின் மனைவி நாரு என்கிற தேங்காய் உருண்டை செய்து ஒரு தட்டில் கீழே கொடுத்தனுப்பினார். எல்லோருக்கும் நிம்மதி.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். நான் வேலை பார்க்கும் வங்கியிலிருந்து திரும்பும்போது அவருக்கு வந்திருந்த மருந்துப் பார்சலைக் கொடுக்கக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே போனதும் ஏதோ குறைந்ததுபோல் இருந்தது. மெஷின் சத்தம் இல்லை. குழாய் நாற்காலிக் கையில் சுருட்டி மாட்டியிருந்தது. அவர் இரண்டு கைகளையும் மேஜைமேல் ஊன்றி, தோள்கள் ஏறி இறங்க, மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். உதடு கருநீலமாக இருந்தது.

"ஏன் சார் ஆஃப் பண்ணி வச்சிருக்கீங்க?" என்று கத்திவிட்டேன்.

"மெதுவா பேசு. மேலே கேட்கும்" என்றார். நான் மெஷினைப் போட்டுக் குழாயை மாட்டிவிட்டேன். பேச்சு வர வெகுநேரம் ஆயிற்று. "அந்தப் பொண்ணுக்குப் பாடம் முடியறவரைக்கும்தான் கலா. அப்புறம் போட்டுப்பேன். தினமும் பழகிடுத்து."

"சிலிண்டர்?"

"அது கரண்ட் போனா வேணுமே. இதுக்குப்போய்த் தீர்த்துடலாமா?"

கம்பெனி ஆள் யாரும் வரவேயில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் மாடிக்கு ஏறிப்போய் ஷிபு தாவிடம் சொன்னேன். துலி காதில் ஹெட்போனோடு உள்ளே பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் அணைக்கச் சொல்லவில்லையே" என்றார். "நீங்க சொல்லல தாதா. நானும் வாயைத் திறக்கல" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு எலெக்ட்ரிக் மிஸ்திரியை வரவழைத்தோம். இதை முதல் நாளே செய்திருக்கலாம். செலவும் பெரிதில்லை, நேரமும் பெரிதில்லை. ஆனால் மெஷின்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டதால் யாருக்கும் தோன்றவில்லை. மூன்று வீட்டிலும் எல்லா பிளக்கையும் பிடுங்கச் சொன்னார் மிஸ்திரி. பிடுங்கினோம். வீடு முழுவதிலும் சேஷாத்ரி சாரின் மெஷின் மட்டும் ஓடியது. காத்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். படிக்கட்டு வழியாக மேலும் கீழும் ஒரே கூச்சல். "கீஸர் போட்டாச்சு!" "இருக்கு, இருக்கு!" "வாஷிங் மெஷின்!" "இருக்கு!" கடைசியில் ஷிபு தாவின் ஃப்ரிட்ஜ். அதுவும் சாதாரணமாகத்தான் ஓடியது. பழைய ஃப்ரிட்ஜ்தானே என்று மிஸ்திரி அதன் பின்னால் குனிந்து, பனியை உருக்குவதற்கான டைமரை ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்பினார். படிக்கட்டுக்கு அடியில் டக்கென்று சத்தம். வீடு இருண்டது.

பனியை உருக்கும் ஹீட்டரில் ஈரம் இறங்கிக் கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. ஹீட்டர் மட்டும் ஓடினால் சுவிட்ச் ஒருவாறு தாங்கிக்கொண்டது. நல்ல மெஷினிலும் இம்மியளவு கசிவு இருக்குமாம். அந்த இம்மியும் கூடச் சேர்ந்தபோது விழுந்திருக்கிறது. மெஷினில் ஒரு பழுதும் இல்லை.

ஷிபு தா ஃப்ரிட்ஜின் பக்கத்திலேயே நின்றுவிட்டார். அவர் மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கீழே ஓடினேன். சார் சிலிண்டருக்கு மாறி உட்கார்ந்திருந்தார். கூச்சலில் விஷயம் அவருக்கும் எட்டியிருந்தது.

"கலா, வாசக்கதவைச் சாத்திடு" என்றார்.

"ஏன் சார்?"

"அவர் பஜாருக்கு இந்த வழியாத்தானே போகணும். இன்னிக்கு என் மூஞ்சியைப் பார்க்க அவருக்குக் கஷ்டமா இருக்கும்."

அந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் கவலை. சாத்தினேன். ஆனால் ஷிபு தா பஜாருக்குப் போகவில்லை. கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து, நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தார். சார் வங்காளியில், "இந்த மெஷின் போடுகிற சத்தத்துக்கு யாருக்கும் அதன்மேல்தான் சந்தேகம் வரும், ஷிபு. ஃப்ரிட்ஜ் பாவம், வாயில்லாதது" என்றார். ஷிபு தா அழுதுகொண்டே சிரித்தார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து ஷிபு தா தினமும் சாயங்காலம் அவரோடு உட்கார்ந்து பேப்பர் படித்தார். கடைசி நாளில் பக்கத்தில் இருந்தவரும் அவர்தான். மெஷினை அணைத்துவைத்திருந்த அந்தச் சாயங்காலங்கள் சாரின் நுரையீரலை இன்னும் கெடுத்தனவா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

போன கோடையில் ஒரு மத்தியானம் புயல் அடித்து டாக்குரியா முழுக்கக் கரண்ட் போனது. நான் வங்கியில் இருந்தேன். போன் வந்தது. "கலா, சேஷாத்ரி பேசறேன். கரண்ட் இல்லை. சிலிண்டர் திருகு என் கைக்குத் திரும்பலை. யாராவது வரணும்." அத்தனை வருஷத்தில் அவர் எங்களிடம் கேட்ட முதல் உதவி அது. ஷிபு தாவுக்குச் சொன்னேன். இறங்கி ஓடித் திறந்துவிட்டார். மாலை நான் போனபோது சார் தெளிவாக உட்கார்ந்திருந்தார். பரீட்சையில் பாஸான பிள்ளைபோல என்னைப் பார்த்து, "கேட்டுட்டேன், பார்த்தியா?" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். தலைக்குமேலே இரண்டு குடும்பங்கள் இருந்தும், மூச்சுக்காக ஒரு மனிதர் கேட்கப் பழக வேண்டியிருந்ததே என்றுதான் எனக்கு அது ஒவ்வொரு முறையும் கேட்கிறது.