விரதமிருந்த ஆமை

போன சனிக்கிழமை காலை. டிஸ்பென்சரி வாசலில் வழக்கமான கூட்டம். இருமல், அட்டை கடித்த புண், ‘மருந்து வேண்டாம், லீவு மட்டும் போதும்’ என்கிற வயிற்றுவலி... இவற்றுக்கு நடுவில் அங்கம்மா, மடியில் ஒரு கம்பளிச் சுருட்டலோடு உட்கார்ந்திருந்தாள்.

பத்திரிகையில் வாராவாரம் வரும் இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதியவர்களுக்காக ஒரு வரி: ஹல்துமுல்லைக்கு மேலே, பனிமூட்டம் கேட்காமலே வீட்டுக்குள் வந்துபோகிற உயரத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அதில் மருந்து கலக்கிக் கொடுக்கிறவன் நான். தோட்டத்து வாயில் ‘டொக்டரய்யா’. யாழ்ப்பாணத்தில் என் வீட்டார் வாயில் — அதை விடுங்கள்.

அங்கம்மாவின் முறை வந்தது.

“சாப்பிடவே மாட்டேங்குதுங்க டொக்டரய்யா.”

“எத்தினை நாளாய்?”

“வந்ததுல இருந்தே அப்படித்தாங்க.”

“காய்ச்சல் கீய்ச்சல் இருக்கோ?” கேட்டுக்கொண்டே தர்மாமீட்டரை உதறினேன்.

“தெரியலீங்க. தொட்டா சில்லுன்னு இருக்கு.”

சாப்பாடு இல்லை, உடம்பும் சில்லிட்டிருக்கிறது... அவசரமாகக் கம்பளியை விலக்கினேன். உள்ளே கறுப்பு ஓடு. அதன்மேல் மஞ்சள் கோடுகள், நட்சத்திரம் நட்சத்திரமாக.

ஆமை!

வரிசை அப்படியே பின்வாங்கியது. வீட்டுக்குள் ஆமை வந்தால் அந்தக் குடும்பம் விளங்காது என்பது நம் ஆட்களின் பழைய பயம். அதுவரை நிமிரவே முடியாமல் முனகிக்கொண்டிருந்த வயிற்றுவலிக்காரர்தான் முதலில் கேட்டைத் தாண்டினார். ஒரு சொட்டு மிக்ஸ்சர் மருந்து செலவில்லாமல் அன்றைக்குக் குணமான ஒரே நோயாளி அவர்.

கூட்டம் கலைந்த பிறகு விஷயத்தைக் கேட்டேன்.

போன வருஷம் அங்கம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல், அதுதான் டைபொயிட். பிழைத்தது பெரும்பாடு. மருந்து கொடுத்தது நான். ஆனால் அவள் புருஷன் வீரமுத்து நேர்ந்துகொண்டது கதிர்காமத்து முருகனுக்கு. (எனக்கு யாரும் காவடி எடுக்கவில்லை. வருத்தமும் இல்லை.) இந்த ஆடிக்கு அவன் வெல்லவாய, புத்தள வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தே போய்க் கும்பிட்டு வந்தான். திரும்புகிற வழியில், முள்ளுக் காட்டில், பாதையின் நட்டநடுவில் அவனை மறித்துக்கொண்டு நின்றது இந்த ஆமை.

கோயிலுக்குப் போய் வருகிறவனை ஒன்று வழி மறித்தால் அதற்கு என்ன அர்த்தம்? ‘என்னையும் கூட்டிக்கொண்டு போ’ என்று அர்த்தம். முருகன் கொடுத்தது! துண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு மலையேறிவிட்டான்.

யாத்திரை போனவர்கள் திரும்பிவந்து ஊருக்கு அன்னதானம் போடும்வரை விரதத்தை முடிப்பதில்லை. வீரமுத்துவின் அன்னதானம் சம்பளம் போட்ட பிறகு. அதுவரை அவனுக்கு ஒருவேளைச் சாப்பாடு. மச்சம் மாமிசம் கிடையாது. ஆமையும் வாய் திறக்கவில்லை. வைத்த கீரையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வீரமுத்துவுக்குப் புல்லரித்துப் போயிற்றாம். ‘பாத்தியா அங்கம்மா, அதுவும் வெரதம் இருக்குது!’

ஆமை என்றால் தண்ணீர் வேண்டுமே என்று ஒரு பேசினில் வேறு வைத்திருக்கிறான். தினமும் காலையில் குளித்து, திருநீறு பூசி, பீலியில் விழுகிற மலைத் தண்ணீரை மாற்றி ஊற்றுவானாம். நம்முடைய பீலித் தண்ணீர் எப்படி இருக்கும்? காலையில் முகம் கழுவினால் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“லயத்துல வரிசையா இருக்குற வீட்டுக்காரங்க ஒருத்தரும் எங்க வீட்டுப் படி ஏற மாட்டேங்குறாங்க. அன்னதானத்துக்கும் வரமாட்டாங்களாம். அதக்கூட விடுங்க. இது செத்துக் கித்துப் போச்சுன்னா அவரு தாங்க மாட்டாருங்க. எனக்குத்தான் என்னமோ ஆகப்போவுதுன்னு கெடந்து துடிச்சுப் போயிருவாரு. எப்புடியாச்சும் பொழைக்க வச்சிருங்க டொக்டரய்யா.”

என்னத்தைச் செய்வது? ஆமைக்கு வைத்தியம் எந்தப் புத்தகத்தில் படித்தேன்? ஊசி கொதிக்கவைக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சாக்கைப் போட்டு அதன்மேல் வைத்தேன். சூடு பட்டால் என்ன ஆகிறது பார்ப்போமே என்றுதான். பின்னால் வந்த இரண்டு பேருக்குக் கட்டுப் போட்டு முடித்துத் திரும்பியபோது ஓட்டுக்கு வெளியே ஒரு சின்ன மூக்கு. பிறகு கண். அந்தக் கண்ணைப் பார்த்ததும் என் மனசு இளகிவிட்டது. பயமும் இல்லை, கோபமும் இல்லை. பொறுத்துப் பொறுத்துக் களைத்துப்போன ஒரு பார்வை. தினமும் இதே வாசலில் நான் பார்க்கிற பார்வைதான்.

“அங்கம்மா, இதுக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லை. குளிர். இது வெயில் நாட்டுச் சீவன். கீழை கொண்டுபோய் விட்டால் பிழைக்கும்.”

சொன்னபோதே பெக்டரியிலிருந்து செய்தி கேட்டு வீரமுத்து ஓடிவந்தான். தலை, புருவம், சட்டை எல்லாம் தேயிலைத் தூள்.

“ஐயா, அது முருகன் கொடுத்ததுங்க. திருப்பிக் கொண்டுபோய் விட்டா அவரு கொடுத்தத வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிருமுங்க. அப்புறம் இவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?”

“வீரமுத்து, இது விரதம் இல்லை. பட்டினி” என்றேன்.

“வெரதம்னா பட்டினிதானுங்களே?”

நான் தர்மாமீட்டரைத் துடைத்து வைத்தேன். வேறு என்ன செய்ய? அங்கம்மாதான் பேசினாள். சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை.

“ஏங்க, நீங்க வெரதம் இருந்தாலும், வெரதம் விட நம்ம வீடு இருக்கு. நான் ஆக்கிப் போடுவேன்னு ஒங்களுக்குத் தெரியும். அது எங்க போயி வெரதம் விடும்?”

வீரமுத்து அடுப்பைப் பார்த்தான், ஆமையைப் பார்த்தான். அப்படியே கீழே உட்கார்ந்து முகத்தைத் துடைத்தான். தூளும் கண்ணீருமாக முகமெல்லாம் சாயம் இறங்கியது. “நாளைக்கே கொண்டுபோயிருவோமுங்க” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம் — நான், அவர்கள் இரண்டு பேர், மருந்துப் பெட்டிக்குள் வைக்கோலும் ஒரு வெந்நீர்ப் போத்தலும் ஆமையும். நீ ஏன் போனாய் என்று கேட்கிறீர்களா? நோயாளியைக் கீழே அனுப்பச் சொன்னவன் நான். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் அந்த இரண்டு பேரையும் தனியாக விட மனம் வரவில்லை. பெட்டியில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். “ஹொஸ்பிட்டல் கேஸ்” என்றேன். பொய்யில்லையே!

கொஸ்லந்தையைத் தாண்டியதும் காற்று மாறிவிட்டது. தேயிலை நின்று, மானாப் புல் வந்து, அதுவும் நின்றது. தியலும நீர்வீழ்ச்சி இந்த வறட்சியில் ஒரு வெள்ளை நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வெல்லவாயவில் இறங்கியபோது வெக்கை முகத்தில் அறைந்தது. அங்கம்மா அதற்கு முன் மலையை விட்டு இறங்கியதே இல்லை. முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தாள்.

புத்தள போகிற வேறொரு பஸ்ஸில் கொஞ்ச தூரம். பிறகு நடை.

காட்டுக்குள் கால் வைக்குமுன் ஒரு பச்சைக் கொப்பை முறித்துப் பிள்ளையாருக்கு வைப்பது வழக்கம். அப்போதுதான் ‘பெரியவர்’ வழி விடுவாராம். அந்த இடத்தில் யாரும் யானை என்று பேர் சொல்வதில்லை. ஆனால் இந்த மாதத்தில் பச்சைக் கொப்புக்கு எங்கே போவது? எங்கு பார்த்தாலும் காய்ந்த சுள்ளி, சாம்பல் நிறம். கடைசியில் ஒரு பாலை மரம் அகப்பட்டது. ஊரெல்லாம் காய்ந்து கிடக்கிறபோது அது மட்டும் கரும்பச்சையாக நிற்கிறது. கீழே சின்னச் சின்னதாக மஞ்சள் பழம் உதிர்ந்து கிடந்தது. வீரமுத்து ஒரு கொப்பை முறித்து வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

உள்ளே போனால்... அடேயப்பா! எல்லாவற்றுக்கும் முள். காரைக்கு முள், இலந்தைக்கு முள், நாகதாளிக்கு இலையே இல்லை, முள் மட்டும்தான். சூரை என்று ஒரு கொடி இருக்கிறதே, அதன் முள் வளைந்த கொக்கி. பிடித்தால் முன்னால் இழுக்கக்கூடாது. மரியாதையாகப் பின்னால் வந்து, மெதுவாகக் கழற்றிக்கொண்டு போகவேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. என் கால்சட்டையின் இன்றைய நிலைமையைப் பத்திரிகையில் எழுத முடியாது.

என்ன காடு இது, மனுஷனை வேண்டாம் வேண்டாம் என்று தள்ளுகிறதே என்று சலித்துக்கொண்டு ஒரு புதருக்குப் பக்கத்தில் குந்தினேன். குந்தியபிறகுதான் கண் திறந்தது. அந்த முள்ளுக்குள்ளே ஒரு குருவிக் கூடு. பாம்புக்கும் எட்டாத இடமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறது. அதன் கீழே முயல் பறித்த பள்ளம். பெரியவர் போட்டுவிட்டுப் போன இலத்தியை ஒரு வண்டு உருட்டிக்கொண்டிருந்தது. உடும்பு ஒன்று எங்களைப் பார்த்து நாக்கை நீட்டிவிட்டுப் புற்றுக்குள் நுழைந்தது. வெட்டவெளியில் ஆட்காட்டிக் குருவி ஊரைக் கூட்டிக் கத்திக்கொண்டிருந்தது. முள் தள்ளுவது நம் மாதிரி நெடியவர்களைத்தான். தரையோடு தரையாகப் போகிறவர்களுக்கு அதற்குக் கீழே நிழலும் உண்டு, விழுந்த பழமும் உண்டு, வாசலும் திறந்தே இருக்கிறது.

பாலை மரத்தடியில் வீரமுத்து ஆமையை இறக்கி வைத்தான்.

அது அசையவில்லை.

நின்றோம். பிறகு உட்கார்ந்தோம். ஓட்டின்மேல் எறும்பு ஊர ஆரம்பித்தது. அங்கம்மா ஊதி ஊதி எறும்பை விரட்டினாள். வீரமுத்து கண்ணை மூடிக்கொண்டு ‘முருகா முருகா’ என்று முணுமுணுத்தான். நான்? ‘சூடுதான் மருந்து’ என்று பெரிய டொக்டர் மாதிரிச் சொன்னவன்... செத்த ஆமையோடு இந்த இரண்டு பேரையும் எப்படி மலைக்குத் திருப்பிக் கூட்டிப்போவது?

நிழல் மெல்ல விலகி ஓட்டின்மேல் முழு வெயில் விழுந்தது.

முதலில் ஒரு கால். செதிலும் நகமுமாக, கிழட்டுக் கால். பிறகு மற்றக் கால். தலை வெளியே வந்தது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது, நாலு எட்டு வைத்தது. ஒரு பாலைப் பழத்தின் முன்னால் நின்று... கடித்தது!

“வெரதம் விட்டுருச்சு! ஏ அங்கம்மா, வெரதம் விட்டுருச்சு!” வீரமுத்து துள்ளிக் குதித்தான். அங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புழுதி என்று சொல்லலாம். சொல்லவில்லை.

ஆமை ஒரு நன்றி கூடச் சொல்லாமல் காரைப் புதருக்குள் போய் மறைந்தது.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். வாரம் தவறாமல் பத்தி எழுதுகிறவனுக்குச் சும்மா இருக்க வருமா? ஒரு தத்துவம் சொல்லாமல் விட முடியவில்லை.

“பார்த்தீரோ அங்கம்மா, வெயில் நாட்டுச் சீவனை மலையிலை கொண்டுபோய் வைச்சால் வாழுமோ? உங்கடை ஆக்களும் அப்பிடித்தானே. ராமநாதபுரத்து வெயிலிலை கிடந்தவையைக் கொண்டுவந்து இந்தக் குளிருக்குள்ளை...”

அங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“ஐயா, ஆமைய இங்கருந்து தூக்கிட்டுப் போனாரு, சரி. என்னைய எங்கருந்து தூக்கிட்டு வந்தாங்க? நான் லயத்துல பொறந்தவ. எங்கப்பாவும் அதே லயத்துலதான் பொறந்தாரு. பெரஜா உரிமைக்கு மனுப் போட்டப்ப, ஒங்க ஊரு இந்தியாதான்னு சொல்லி இல்லேன்னுட்டாங்க. நீங்களும் அதையேதான் சொல்றீங்களா?”

“இல்லை...” என்றேன். வீரமுத்து சங்கடத்தோடு, “அவ வெயில் தாங்காம பேசுறாங்க, மனசுல வச்சுக்காதீங்க” என்றான். மனசில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

திரும்புகிற பஸ்ஸில் அங்கம்மாவுக்கு ஒரே தலையிடி. வெல்லவாயவில் வாங்கிய சோடாவும் இறங்கவில்லை. கண்ணை மூடி, புருஷன் தோளில் சாய்ந்து, துணியாய் வாடிக் கிடந்தாள். கொஸ்லந்தையில் ஒருதரம் கண்ணைத் திறந்தாள், மறுபடி மூடிக்கொண்டாள்.

ஹல்துமுல்லை ஏற்றத்தில் முதல் பனிமூட்டம் பஸ்ஸுக்குள் வந்தது. மற்றவர்கள் எல்லாரும் ‘குளிருது குளிருது’ என்று கண்ணாடியை மூடினார்கள். அங்கம்மா மட்டும் எழுந்து தன் பக்கத்து ஜன்னலை முழுக்கத் திறந்தாள். முகத்தை வெளியே நீட்டி, ஒரு மூச்சு இழுத்து விட்டாள்.

“அப்பாடா... நம்ம ஊரு வந்துருச்சு.”

பிரஜாவுரிமைச் சட்டம் எழுதிய கனவான்களில் ஒருத்தராவது அன்றைக்கு அந்த பஸ்ஸில் இருந்திருக்க வேண்டும்!