சிவப்பு டீசலை ஊற்றியவன்

கனடாவில், யூனியன்வில்லுக்கு வடக்கே நான் வேலைசெய்த மரக்கறித் தோட்டத்தில், கொட்டிலுக்குப் பின்னால் ஓர் எண்ணெய்த் தாங்கி நின்றது. அதற்குள் இருந்த டீசல் ரோசாப்பூ சர்பத் மாதிரிச் சிவப்பாக இருக்கும். வரி கட்டாத எண்ணெய் என்பதற்கு அடையாளமாக அந்தச் சாயத்தைக் கலந்துதான் விற்பார்கள். ட்ரக்டருக்கு ஊற்றலாம். தண்ணீர்ப் பம்புக்கும், கரண்ட் போனால் ஓடுகிற ஜெனரேற்றருக்கும், முதலாளியின் வீட்டைச் சூடாக்குகிற அடுப்புக்கும் ஊற்றலாம். றோட்டில் ஓடுகிற வாகனத்துக்கு மட்டும் ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது.

இந்த விளக்கமெல்லாம் பிறகு வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், நான் வேலைக்குச் சேர்ந்த முதல்நாள், முதலாளி தாங்கியைத் தட்டிக்காட்டி, "இது ட்ரக்டருக்கு. பிக்கப்புக்கு இல்லை" என்று மட்டும் சொன்னார். வெள்ளைக்கார முதலாளி, நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். நான் தலையாட்டினேன். கனடாவுக்கு வந்த முதல் இரண்டு வருடமும் எல்லாவற்றுக்கும் தலையாட்டித்தான் பிழைத்தேன்.

அந்தச் சொல் என் மண்டைக்குள் இறங்காததற்கு ஒரு காரணம் உண்டு. நான் யாழ்ப்பாணத்தை விட்டு வரும்போது அங்கே பெற்றோலுக்கும் டீசலுக்கும் அரசாங்கத்தின் தடை. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்போம். நாலு துளி விட்டு உதைத்து ஸ்ராட் பண்ணினால், மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும். புகை கண்ணை எரிக்கும், ஆனால் வண்டி போகும். எரிகிறதெல்லாம் எண்ணெய் என்று பழகிவந்தவனிடம் போய் நிறத்தைக் காட்டி இது அதற்கு, அது இதற்கு என்றால் எங்கே ஏறும்? ட்ரக்டருக்கு வாங்கியதை மற்றதற்குச் செலவழிக்க மனமில்லாத கஞ்சத்தனம் என்றுதான் நினைத்தேன்.

ட்ரக்டர் ஓட்டியவர் கிளிநொச்சிப் பக்கத்து அண்ணை ஒருவர். நாற்பது வயதிருக்கும். ஊரிலும் அதே வேலைதான் செய்தவர். ஸ்காபரோவில் நாங்கள் ஒரே வீட்டின் நிலக்கீழ் அறைகளில் இருந்தோம். காலையில் அவருடைய காரில்தான் இருவரும் தோட்டத்துக்குப் போவோம். எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்தவரும் அவர்தான். அவருக்கு நிரந்தர வதிவிடப் பத்திரம் கிடைத்துவிட்டது. மனைவியை ஸ்பொன்சர் பண்ணியிருந்தார். என்னுடைய அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கே வரவில்லை.

அவருடைய மனைவி வருவது உறுதியானபோது அவர்கள் பிரிந்து ஆறு வருடமாகியிருந்தது. அண்ணையின் கார் அந்த வாரம் பார்த்துப் படுத்துவிட்டது. முதலாளி தானாகவே தோட்டத்துப் பிக்கப் வாகனத்தின் திறப்பை எடுத்துக் கொடுத்தார். "மனைவியைக் கூட்டிவா. பெட்டிகளைப் பின்னால் போடலாம்" என்றார். அது டீசல் பிக்கப்.

விமானம் பின்னேரம் வரும். நாங்கள் மதியம்வரை வேலைசெய்தோம். பிறகு அண்ணை கொட்டிலின் பின்பக்கத்துக் குளியலறைக்குள் போய் முகம் கழுவி, புதுச் சேட்டைப் போட்டு, தலையை வாரத் தொடங்கினார். அவர் அவ்வளவு நேரம் தலை வாரி நான் பார்த்ததில்லை.

"கையில டீசல் மணக்குதோ பார் தம்பி," என்று கையை நீட்டினார்.

"இல்லை அண்ணை, சோப்புத்தான் மணக்குது."

"போற வழியில எண்ணெய் அடிக்க வேணும். முள்ளு கீழ கிடக்குது."

பெற்றோல் நிலையத்தில் நின்று, அவர் அந்தச் சேட்டோடு குழாயைப் பிடித்து, மறுபடி கை மணக்க மனைவிக்கு முன்னால் போய் நிற்பதா? அவர் சப்பாத்து மாட்டுகிற நேரத்துக்குள் நான் பிக்கப்பைத் தாங்கிக்குப் பக்கத்தில் விட்டு, நிறையச் சிவப்பு டீசலை அடித்துவிட்டேன். நன்மை செய்கிறேன் என்றுதான் அடித்தேன். அதை எத்தனை தரம் எனக்கே சொல்லியிருப்பேனோ தெரியாது.

றோட்டில் ஏறிய பிறகுதான் முள் மேலே நிற்பதை அண்ணை கவனித்தார். நான் சொன்னேன்.

"உது பிழையடா. பிடிச்சாங்கள் எண்டால் கரைச்சல்."

"இந்த நாட்டில எண்ணெயைப் போய் ஆர் அண்ணை பிடிக்கப் போறாங்கள்?"

அவர் சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் எதற்கும் சிரிக்கக்கூடிய நிலையில் இருந்தார். "சரி, ஒருநாள்தானே. நாளைக்கு இறக்கிவிடுவம்" என்றார்.

நெடுஞ்சாலைக்கு ஏறுவதற்கு முன்னால் லொறிகளை நிறுத்தி நிறுக்கிற இடம் ஒன்று உண்டு. அன்று பிக்கப்புகளையும் உள்ளே திருப்பிவிட்டார்கள். செம்மஞ்சள் மேலங்கி போட்ட இரண்டு பேர் நின்றார்கள். அண்ணையின் முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கு அது ஊரில் ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றிப் பொயின்ற். வேறு ஒன்றுமாக அதைப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்து இறங்கி, பிளாஸ்ரிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த அகதிப் பத்திரத்தைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலங்கிக்காரர் திகைத்துப்போய், தயவுசெய்து உள்ளே ஏறி இருக்கும்படி சொன்னார். அவர் என் பத்திரத்தைப் பார்க்கவேயில்லை.

பிறகு எண்ணெய் மூடியைத் திறந்து ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி, ஒரு கண்ணாடிப் போத்தலில் விட்டு, வெயிலுக்கு நேரே பிடித்தார். சிவப்பு. ஊரில் ஒரு போத்தல் டீசலோடு பிடிபட்டவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாத வீடுகள் எங்கள் ஒழுங்கையில் இருந்தன. அந்த மனிதர் கோபமில்லாமல், வங்கியில் கேட்பதுபோல, ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதை யார் ஊற்றியது?

அந்த அளவுக்கு ஆங்கிலம் எனக்குத் தெரியும். என்னுடைய விசாரணைக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. ஒரு குற்றம் பதிவானால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நிலக்கீழ் அறைகளில் எல்லாரும் பேசிக்கொள்வார்கள். அதை நான் வேதவாக்காக நம்பினேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணை முந்திக்கொண்டார் என்று இதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அது பொய். நேரம் இருந்தது. அண்ணை முதலில் என்னைத்தான் பார்த்தார். நான் என் கையிலிருந்த பிளாஸ்ரிக் உறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பதிலுக்காகக் காத்துநின்றார். பிறகுதான், "மீ. ஐ புட்" என்றார்.

எனக்கு நன்றியும் வரவில்லை, பயமும் வரவில்லை. அவர்கள் போத்தலை மூடி முத்திரை வைத்தார்கள். படிவங்களை நிரப்பினார்கள். தோட்டத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அண்ணை புதுச் சேட்டோடு ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். விமானம் இறங்கிவிட்ட நேரம்.

மிசிசாகாவில் எயார்போர்ட்டுக்குள் நாங்கள் ஓடி நுழைந்தபோது அந்த விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். அவருடைய மனைவி இரண்டு பெட்டிகளுக்கு நடுவில், கதவையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். இருக்கை பக்கத்திலேயே இருந்தது. அதில் இருந்தால் அண்ணைக்குத் தன்னைத் தெரியாமல் போய்விடும் என்று இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக நின்றாராம். "வரமாட்டீங்களெண்டு நினைச்சிட்டன்," என்றார். அண்ணை அழுதார். நான் பெட்டிகளைத் தூக்கினேன்.

வழக்கமாக இரண்டு நாளில் மறந்துபோகிற விசயமாக அது இருந்திருக்கலாம். ஆனால் வரிக்காரர்கள் தோட்டத்துக்கு வந்து தாங்கியையும் கணக்குப் புத்தகங்களையும் புரட்டிப் பார்த்தார்கள். முதலாளி பெயருக்கும் தண்டம் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை அவர் அண்ணையைக் கூப்பிட்டு, "உனக்கு உதவி செய்யத்தான் திறப்பைத் தந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வேலை போய்விட்டது. நான் மூன்றடி தள்ளி முட்டைக்கோசுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அங்கேயும் நேரம் இருந்தது. பெட்டிகளை அடுக்கி முடித்தேன்.

மதியம் முதலாளி என்னிடம் வந்து ட்ரக்டர் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அண்ணையின் இருக்கையில் ஏறி இருந்தேன். இருக்கை எனக்குச் சரியாகத்தான் இருந்தது.

விசாரணையில் என்னை ஏற்றுக்கொண்டார்கள். டீசலைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. வெளியே வந்து, நடந்ததை வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொல்லி, தமிழ் லோயரிடம் கேட்டேன். அவர் கோப்பை மூடிக்கொண்டு, "அது வரிக்காசுப் பிரச்சினை தம்பி. உதுக்கும் அகதிக் கேசுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சோறு வடித்துச் சாப்பிட்டேன். சாப்பாடு இறங்கியதுதான் எனக்கு இப்போதும் ஆச்சரியம்.

அண்ணையும் மனைவியும் ஒஷாவாவுக்குப் போய்விட்டார்கள். அங்கே கார்ப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது. எடுக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஸ்காபரோவில் ஒரு கலியாண மண்டபத்தில் கண்டேன். பந்தி வரிசையில் எனக்கு முன்னால் அண்ணை தட்டோடு நின்றார். தலை நரைத்திருந்தது. விலகிப் போகப் பார்த்தேன். அதற்குள் அவருடைய மனைவி என்னைக் கண்டு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். இடுப்பில் ஒரு குழந்தை.

"உங்களை எத்தினை நாளாய்க் காண வேணுமெண்டு இருந்தனான். இவர் எல்லாம் சொன்னவர்."

எல்லாம் என்றால் எது?

"அண்டைக்கு றோட்டில, பழியை உங்கட தலையில போடச் சொல்லி நீங்கள் மன்றாடினீங்களாம். தம்பியின்ர கேஸ் கெட்டுப் போயிடுமெண்டு இவர்தான் விடேல்லயாம். ஆர் தம்பி இந்தக் காலத்தில மற்றவைக்காக அப்பிடி முன்னுக்கு வருவினம்?"

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் சாம்பாரை அள்ளித் தட்டில் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. மனைவியிடம் என்னை ஒரு நல்லவனாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றியது என்று எனக்கு விளங்கவில்லை. அத்தனை காலமும் வராத வெட்கம் அந்த வரிசையில் வைத்து வந்தது. காதுவரை சுட்டது. அந்த அக்கா என் பதிலுக்காகச் சிரித்தபடி நின்றார். அவசரப்படுத்த ஒருவரும் இல்லை.

"ஓம் அக்கா," என்றேன்.