பைனாகுலர் மாமாவின் பைலட் படிப்பு

என் அக்காவின் கணவருக்கு அலுவலகத்தில் பைனாகுலர் என்று பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியில் சேத மதிப்பீட்டாளர். புயலில் கூரை பிய்ந்துபோனது என்று யாராவது எழுதிக் கொடுத்தால், மாமா நேரில் போய்ப் பார்த்து உண்மையா புளுகா என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஏணியோடு போவார்கள். மாமா பைனாகுலரோடு போவார். எதிர்வீட்டு ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, ஏறினால் கூரை இன்னும் சேதமாகும், வாடிக்கையாளர் நலனே முக்கியம் என்று அறிக்கையில் பூசி மெழுகிவிடுவார்.

உண்மை என்னவென்றால் அவருக்கு உயரம் ஆகாது. ஏணியில் நாலு படி ஏறினாலே கால் வெடவெடக்கும். ஒருமுறை பாதி ஏணியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றவரை நான்தான் கெஞ்சிக் கூத்தாடி இறக்கினேன். அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று அன்றே சத்தியம் வாங்கிக்கொண்டார்.

எல்லாம் புது மேனேஜர் வரும்வரைதான். கூரைக்கு மேலிருந்து எடுத்த படம் இல்லாத அறிக்கை இனிமேல் செல்லாது என்றுவிட்டார். ஏணியில் ஏறலாம், அல்லது ட்ரோன் ஓட்டச் சான்றிதழ் வாங்கலாம். இரண்டும் முடியாதவர்கள் நிலத்தடி அறைக்குப் போய்ப் பழைய கோப்புகளுக்குத் தூசி தட்டலாம். உயரத்துக்குப் பயந்தவரை ஒரேயடியாகப் பாதாளத்துக்கு அனுப்புகிறார்கள் என்று நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

பள்ளி தேடும் வேலை என் தலையில் விழுந்தது. விமானத் துறை அங்கீகாரம் இருக்கிறதா, பரீட்சை வைப்பது யார், கையில் மெஷினை எப்போது கொடுப்பார்கள் என்று நான் போன இடமெல்லாம் குடைந்தேன். மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஓட்டுபவர் தரையில்தானே நிற்பார்?

முதல் பள்ளி கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. சுவர் நிறைய, மலை உச்சியில் ரிமோட்டோடு நிற்கும் ஒருவனின் படம். வரவேற்பில் இருந்தவர் மாமாவின் கையைக் குலுக்கி, "சார், நீங்க வானத்தையே ஆளப்போறீங்க" என்றார். மாமா நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மெஷினை எப்போது தொடலாம் என்று கேட்டேன். சான்றிதழ் படிப்பில் படம் காட்டுவார்களாம், டிப்ளமோவில் பெட்டியைக் காட்டுவார்களாம், உயர்நிலை டிப்ளமோவில்தான் பெட்டியைத் திறப்பார்களாம். சான்றிதழ் சர்வதேசத் தரம். எந்த தேசமும் ஏற்காததற்குப் பெயர் சர்வதேசம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது பள்ளி ஆன்லைனில். பேரைப் பதிந்ததுமே சான்றிதழ் வந்துவிட்டது, வகுப்பு பிறகுதானாம். பலத்த காற்றில் பறக்கவிடுவதில் மாமா தனிச் சிறப்பு பெற்றவர் என்று அதில் போட்டிருந்தது. அது பத்து காசுக்குப் பெறாது என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டும் மாமாவும் அக்காவும் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். அக்கா ஸ்டூலில் ஏறி ஆணியடித்து மாட்டினாள்.

மூன்றாவது, ஊர்க் கோடியில் ஒரு விளையாட்டு மைதானம். ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் கட்டடத்தின் ஒரு அறைதான் ஆபீஸ். பயிற்சியாளர் ஒரு பெண்மணி, வெயிலில் கறுத்த முகம். அங்கீகார எண்ணைச் சுவரில் காட்டி, துறையின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொண்டு வரச் சொன்னார். சான்றிதழ் தருவது அவர் இல்லை, துறையிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் ஒழுங்காக ஓட்டிக் காட்டினால்தான் கிடைக்கும். முதலில் நாலைந்து தடவை இடிப்பீர்கள், அதற்கென்றே பழைய மெஷின் இருக்கிறது என்றும் சொன்னார். எனக்கு அங்கேயே மனசு நிறைந்துவிட்டது. மாமாவும் சம்மதித்தார். மைதானம் தட்டையாக இருந்ததாம். நான் மாதக்கணக்கில் அலசி ஆராய்ந்தது எல்லாம் வீண், மனிதர் மேடு பள்ளம் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

ஆனால் படித்தார். காற்று, பேட்டரி, பறக்கத் தடையுள்ள இடங்கள் எல்லாம் அத்துப்படி. தரையில் நிற்கும்போது அவர் கை நடுங்கவே இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

தேர்வு அன்று அக்காவும் வந்தாள். மாமா சதுரம் போட்டார், எட்டு போட்டார். ட்ரோன் அந்த உடைமாற்றும் கட்டடத்துக்கு நேர் மேலே நின்றபோது, அதை வீட்டுக்கு வரவழைக்கும்படி தேர்வாளர் சொன்னார். வீடு என்றால் கிளம்பிய இடம், அதற்கென்று ஒரு பட்டன் உண்டு. பதற்றத்தில் மாமா முதலில் பக்கத்துப் பட்டனை அழுத்தினார். அது, இப்போது நிற்கும் இடமே இனி வீடு என்று மெஷினுக்குச் சொல்லும் பட்டன். அடுத்து சரியான பட்டனை அழுத்தினார். ட்ரோன் சமர்த்தாக மொட்டை மாடியில் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

சுவரோடு ஒரு இரும்பு ஏணி. இறக்கியவர்தான் போய் எடுத்து வர வேண்டும் என்றார் தேர்வாளர். மாமா ஏணியில் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நான் ஏறுகிறேன் என்றதற்குத் தேர்வாளர் காது கொடுக்கவில்லை. மாமா திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"எனக்கு உயரம்னா பயம். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அக்கா கைப்பையை என்னிடம் நீட்டினாள். "கல்யாணமான நாள்லேருந்து நம்ம வீட்ல பல்பு மாட்டுறது யாருன்னு நினைச்சீங்க?"

யாரையும் கேட்காமல் விறுவிறுவென்று ஏறி, ட்ரோனோடு இறங்கி வந்தாள். இத்தனை வருஷம் ரகசியத்தைக் கட்டிக் காத்த நான் கைப்பையோடு அசடு வழிந்து நின்றேன். தேர்வாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு வாய்ப்பு தருகிறேன், இந்தத் தடவையாவது வீடு எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள் என்றார். மாமா ட்ரோனை அக்காவுக்கு முன்னால் புல்லில் வைத்துக் கிளப்பினார். சுற்றிவிட்டு அது அதே இடத்தில் வந்து இறங்கியது. என் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன.

அசல் சான்றிதழை அக்கா பழைய சட்டத்துக்குள் மாட்டினாள். அதே வாரம் கூடத்து பல்பு போனது. மாமா அண்ணாந்து பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ட்ரோன்ல பல்பு மாட்ட ஏதாவது கோர்ஸ் இருக்கா, கேட்டுச் சொல்லேன்."

கண்ணாடிக் கட்டடத்துக்கு போன் போட்டேன். இருக்கிறதாம், சர்வதேசத் தரத்தில்.