பச்சைப் பொட்டு வைத்த பம்ப்

போன வாரம் என் மகள் புதுக் கார் எடுத்தாள். சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியில் லேசாக ஒரு முனகல், இரண்டே விநாடி. "என்னம்மா அது?" என்றேன். "பெட்ரோல் பம்ப்புதாம்பா. டேங்க்குள்ளயே இருக்கு" என்றாள். பெட்ரோலுக்குள் மின்சாரமா! இறங்கிவிடலாம் என்று கதவைத் திறக்கப் போனேன். அவள் சிரித்தாள்.

1950களில் நான் அல்சூர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அப்போது சில சீமைக் கார்களில் மின்சார பம்ப் பானெட்டுக்கு அடியில் கறுப்பு மூடியோடு உட்கார்ந்திருக்கும். சாவியைத் திருப்பினால் டக் டக் என்று அடிக்கும். கரண்ட் பாய்ந்ததும் உள்ளே காந்தம் ஒரு சவ்வை இழுக்கும். பெட்ரோல் உள்ளே வரும். இழுத்து முடித்ததும் இரண்டு பாயிண்டுகள் விலகிக் கரண்ட் அறும். ஸ்பிரிங் சவ்வைத் திருப்பித் தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். கார்புரேட்டர் நிறைந்தால் சத்தம் தானே அடங்கும். அடங்காவிட்டால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது டேங்க் காலி. காதால் கேட்டே வியாதி சொல்வேன் என்று எனக்கு ஏகத் தலைக்கனம். வீட்டில் கூப்பிட்டால் மட்டும் அந்தக் காது கேட்காது என்பாள் என் மனைவி.

சத்தமே வராவிட்டால் பாயிண்டு கருகியிருக்கும். மூடியைக் கழற்றித் தேய்த்துத் துடைக்கவேண்டும். சோம்பேறிகளுக்குக் குறுக்கு வழி உண்டு: ஸ்பேனரால் பம்பின் தலையில் ஒரு தட்டு. ஓடும். எவ்வளவு தூரம் என்பதுதான் தெரியாது.

எங்களிடம் ஒரு வழக்கம். பம்பைப் பழுது பார்த்தவன் மூடியில் தன் நிறத்தில் ஒரு பொட்டு வைக்கவேண்டும். எனக்குப் பச்சை, எபிக்குச் சிவப்பு. எபி கோலார் தங்கவயல்காரன். ஜோகுபாளையத்தில் எங்களுக்கு ஒரே அறை, ஒரே ஸ்டவ்; பெயிண்ட் டப்பாக்கள்கூட ஒரே டிரங்குப் பெட்டியில். மேஸ்திரி வேலையை விடப்போகிறார், அந்த இடம் உங்களில் ஒருவனுக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். "யாருக்குக் கெடச்சா என்னா மச்சான், பிரியாணி நம்ம ரூம்லதான்" என்றான் எபி. நம்பினேன்.

அந்த வாரமே காக்ஸ் டவுன் டாக்டரம்மாவின் கார், பிரசவம் பார்க்கப் போகிற வழியில் நின்றுவிட்டது. பாவம், ஜட்கா வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தார். முதலாளி பம்பைக் காட்டினார். மூடியில் பச்சைப் பொட்டு. உள்ளே பாயிண்டு கரிக்கட்டை. தலையில் ஸ்பேனர் தட்டிய வடு.

"இந்த வண்டிய நான் தொடவே இல்ல சார். எபிதான் பாத்தான்."

"சும்னிரு! இது உன் மார்க்தானே?" என்று என்னை அடக்கிவிட்டு எபியைப் பார்த்தார்.

எபி தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அவன்தான் சார் பாத்தான்."

ஒரே தட்டில் சாப்பிட்டவன், பெட்டியிலிருந்த என் பச்சையையே எடுத்துப் பொட்டு வைத்துக் கழுத்தை அறுத்தான். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவன் மேஸ்திரியானான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனேன். ஒழுங்காக வேலை செய்யாதவன் என்ற பேர் எனக்கு முன்னால் போய் நின்றது.

பல வருஷம் கழித்து எபியின் சாவுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பம்ப்புன்னா உங்க கைதான்னு சாவற வரிக்கும் சொல்லிக்கினே இருந்தாருண்ணா." ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறான், சொல்லவேண்டிய முதலாளியைத் தவிர.

ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. முதலாளி போய்விட்டார், டாக்டரம்மாவும் போய்விட்டார். நான் அந்தக் காரைத் தொடவில்லை என்பது தெரிந்த ஒரே ஆள் எபிதான். அவனையும் அன்று புதைத்துவிட்டு வந்தோம்.